பாலிஎத்திலீன் கிளைக்கால் தூள்: எந்த மலச்சிக்கலுக்குக் கேட்கும், எதற்குக் கேட்காது

நாள்பட்ட மலச்சிக்கலுக்கு எதை முதலில் எடுத்துப் பார்க்கலாம் என்று கேட்டால், பாலிஎத்திலீன் கிளைக்கால் 3350 தூளைத்தான் சொல்வோம். பெரியவர்களுக்கு நாளைக்கு ஒரு வேளை, 17 கிராம். அளவு மூடியோடு வரும் டப்பா என்றால் உள்ளே போட்டிருக்கும் கோடுவரை நிரப்பினால் போதும். 120 முதல் 240 மில்லி தண்ணீரில் கொட்டி, அடியில் ஒரு துகள்கூடத் தெரியாதபடி கலக்க வேண்டும். சரியாகக் கரைந்தால் வெறும் தண்ணீர் போலத் தெளிந்து நிற்கும், ருசியும் அநேகமாக இருக்காது.

இந்தத் தூளைக் குடல் உறிஞ்சுவது மிகமிகக் குறைவு. தான் பிடித்துவைத்த தண்ணீரோடு கடைசிவரை இறங்கி மலத்தை இளக்குகிறது. மலமிளக்கிச் சிரப்பான லாக்டுலோஸைக் குடல் பாக்டீரியா புளிக்க வைப்பதால் வாயு சேரும், வயிறு உப்பும். இதில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் பலன் தெரிய 1 முதல் 3 நாள் ஆகும். இரவு குடித்துவிட்டுக் காலையில் ஒன்றும் ஆகவில்லையே என்று இரட்டிப்பாகப் போட்டால் மூன்றாம் நாள் பேதியாகிவிடும்.

இதன் எல்லை எங்கே என்பதுதான் முக்கியம். இது மலத்தை இளக்கும், நரம்பைச் சரிசெய்யாது.

பெருங்குடல் சுவரின் இரண்டு தசை அடுக்குகளுக்கு நடுவே அவர்பாக் நரம்புப் பின்னல் இருக்கிறது. அதையொட்டி இருக்கும் கஹால் செல்கள்தான் தசை சுருங்குவதற்குத் தாளம் போடுபவை. குடல் மந்தமாக நகர்கிறவர்களிடம் இந்தச் செல்கள் குறைந்திருப்பதைத் திசு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சர்க்கரை நோயில் நரம்பு கெட்டாலும், பார்கின்சன் நோயிலும், தண்டுவடக் காயத்திலும் இதே மந்தம் வரும். இவர்களுக்கு நார்ச்சத்தை ஏற்றிக்கொண்டே போனால் நகராத குடலில் பாரம்தான் கூடும். தூள் ஓரளவு கைகொடுக்கும். போதாதபோது குடல் அசைவைத் தூண்டும் பிசாகோடில் அல்லது ப்ருகலோப்ரைட் மருந்தை மருத்துவர் சேர்ப்பார்.

தூளை வீணாகப் பழிப்பது பெரும்பாலும் இன்னொரு வகையினர். மலம் கூழாகத்தான் இருக்கும், ஆனாலும் வெளியே வராது. முக்கும்போது தளர வேண்டிய புபோரெக்டாலிஸ் தசை (மலக்குடலின் அடியைச் சுற்றிப் பிடித்திருப்பது), தளராமல் இறுகிக்கொள்கிறது. போய்வந்த பிறகும் மிச்சம் இருப்பதுபோல் தோன்றும், சிலர் விரலால் எடுக்க வேண்டியிருக்கும். இங்கே அளவைக் கூட்டினால் கசிவுதான் மிஞ்சும். மலக்குடலில் பலூனை வைத்து 50 மில்லி தண்ணீர் நிரப்பி, உட்கார்ந்து வெளியேற்றச் சொல்வார்கள். 1 நிமிடத்துக்குள் வரவில்லையென்றால் மலக்குடல், ஆசனவாய் அழுத்தத்தை அளக்கும் அழுத்தமானி சோதனையையும் பார்த்து முடிவு செய்வார்கள். இதற்கு வைத்தியம் பயோஃபீட்பேக் பயிற்சி, அதாவது தசையின் இறுக்கத்தைக் கருவியில் பார்த்தபடியே தளர்த்தப் பழகுவது. தூள் வெறும் துணைதான்.

பிறந்த குழந்தை 48 மணி நேரத்துக்குள் முதல் கறுப்பு மலம் போகவில்லையென்றால் எந்தத் தூளையும் தேடக் கூடாது. ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோயாக இருக்கலாம். சுமார் 5000 பிறப்புக்கு 1 குழந்தைக்கு வருவது. கடைக்குடலில் நரம்பணுக்களே இல்லாததால் அந்தத் துண்டு சுருங்கியபடியே நிற்கும். அறுவை சிகிச்சைதான் தீர்வு.

டப்பாவைத் திறப்பதற்கு முன் மாத்திரைப் பட்டியலைப் பாருங்கள். ஓபியாய்டு (மார்பின் வகை) வலி மாத்திரை, ரத்த அழுத்தத்துக்குத் தரும் வெராபமில், இரும்புச்சத்து மாத்திரை மூன்றுமே குடலைக் கட்டும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும், ரத்தத்தில் கால்சியம் கூடினாலும் அப்படித்தான்.

இரண்டு எச்சரிக்கைகள் பலருக்குத் தெரிவதில்லை. விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்காக ஸ்டார்ச் போட்டுக் கெட்டியாக்கிய நீரில் இந்தத் தூளைக் கலந்தால், அது திரும்பவும் நீர்த்துப்போய் மூச்சுக்குழாயில் இறங்கும் ஆபத்து உண்டு. பார்கின்சன் நோயாளியைக் கவனிக்கிறவர்கள் இதை மறக்கவே கூடாது. அடுத்தது, பல நாள் கட்டிக்கிடந்த பிறகு தண்ணீராகக் கசிந்தால் அதை உடனே பேதி என்று முடிவுகட்டாதீர்கள். கெட்டிப்பட்ட மலத்தைச் சுற்றிக்கொண்டு வழிவதாக இருக்கலாம். மலக்குடலைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும்.

மருத்துவரைக் கேட்காமல் 7 நாளுக்கு மேல் தொடர வேண்டாம். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, ரத்தசோகை, 50 வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய சிக்கல் — இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த 7 நாளுக்காகக்கூடக் காத்திருக்க வேண்டாம். கடும் வயிற்றுவலியும் வாந்தியும் சேர்ந்திருந்தால் குடல் அடைப்பா என்று பார்க்கும்வரை தூளைத் தொடவே கூடாது.