ஜார் டெஸ்டா, பிஓடியா: முதல் புராஜெக்டுக்கு எது?

சுற்றுச்சூழல் பொறியியலுக்குப் புதிதாக வரும் சிவில் மாணவர்கள் பலர், "கெமிஸ்ட்ரியே வராது, இது எங்கே வரப்போகிறது?" என்றுதான் உட்காருகிறார்கள். மினி புராஜெக்டுக்கு எது? கலங்கல் தண்ணீர் தெளிய எவ்வளவு படிகாரம் வேண்டும் என்று பார்க்கும் ஜார் டெஸ்டா, தண்ணீரிலுள்ள அழுக்கை நுண்ணுயிர்கள் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று பார்க்கும் பிஓடியா (BOD)?

செலவு: ஜார் டெஸ்டுக்குக் கலங்கல் தண்ணீர், படிகாரம், ஆறு பீக்கர். பிஓடிக்கு இன்குபேட்டர், 300 மி.லி. பாட்டில்கள், அப்புறம் ரசாயனங்கள்.

நேரம்: ஜார் டெஸ்ட் ஒரு மணி நேரம். பிஓடி 27 டிகிரியில் 3 நாள். பழைய முறை என்றால் 20 டிகிரியில் 5 நாள்.

பிசகினால்: ஜார் டெஸ்டில் அளவு தப்பினால் பக்கத்து பீக்கரே காட்டிக்கொடுக்கும். பிஓடியில் மாதிரியைப் போதுமான அளவு நீர்க்காவிட்டால் ஆக்சிஜன் முழுதும் தீர்ந்துவிடும். மூன்றாம் நாள் மிச்ச ஆக்சிஜனை அளக்க ஸ்டார்ச் விட்டால் நீலமே வராது. மறுபடி முதலிலிருந்து. பலருக்கு மனசு விட்டுப்போவது இங்கேதான். அது அவர்கள் மக்கு என்பதால் அல்ல.

தெம்பு: ஜார் டெஸ்டில் கலக்குவதை நிறுத்தியதும் பஞ்சுபோலத் திரண்டு அழுக்கு இறங்கும். அதைக் கண்ணால் பார்த்தவருக்குப் பாதி பயம் போய்விடும்.

தயங்கும் குழுவுக்கு ஜார் டெஸ்ட். கழிவுநீர்ப் பக்கம் வேலைக்குப் போக நினைப்பவர் பிஓடி எடுக்கலாம். ஆனால் ஒரே தண்ணீர் மாதிரியை மூன்று அளவில் நீர்த்து வையுங்கள், ஒன்றாவது தேறும்.