மார்க் நோட்டா, எக்ஸெலா?

ஏற்காட்டுல வாத்தியாரா 15 வருஷம், ரெண்டையும் பாத்தாச்சு. நோட்டுன்னா மழையில கரண்ட் போனாலும் மெழுகுவத்தி வெச்சு மார்க் போட்டுடலாம், ஆனா டெர்ம் முடிவுல எஃப்ஏ (வகுப்புல அப்பப்ப போடற மார்க்) 40, எஸ்ஏ (டெர்ம் பரீட்சை மார்க்) 60ன்னு ஒவ்வொரு பையனுக்கும் கூட்டி முடிக்கறதுக்குள்ள கண்ணு பூத்துடும். எக்ஸெல்ல ஃபார்முலாவ ஒருதடவ போட்டு இழுத்து விட்டா முடிஞ்சுது. ஆனா பரீட்சைக்கு வராதவனுக்கு 0 போட்டா ஆவரேஜ் இறங்கிடும், கட்டத்த காலியா விட்டா அத கணக்குல எடுக்காது.

ஒருதடவ எக்ஸெல்ல மார்க்க விட்டுட்டு பேர் இருக்கற வரிசைய மட்டும் அகர வரிசையில அடுக்கித் தொலைச்சேன், ஃபர்ஸ்ட் ரேங்க் பொண்ணோட மார்க் கடைசி பெஞ்ச் பையன் பேர்ல! அந்தப் பையனோட அம்மா காப்பித் தோட்டத்துல லீவு சொல்லிட்டு வந்து லட்டு வேற குடுத்துட்டாங்க. நோட்டுல அடிச்சுத் திருத்தினா பழைய மார்க் கண்ணுக்குத் தெரியும், இதுல எங்க தெரியுது? இப்பல்லாம் எக்ஸெல்லதான் போடறேன், டெர்முக்கு ஒரு பிரிண்ட் எடுத்து நோட்டுல ஒட்டிடறேன்.