அக்கானியின் சர்க்கரை குறைவதைக் கணிக்க எந்தக் கணக்கு உதவும்?

குமரி மாவட்டத்தில் அக்கானி என்னும் பதநீரை இறக்கும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவதற்கான காரணம் நொதி வேதியியலில் இருக்கிறது. ஈஸ்ட்டின் இன்வர்டேஸ் நொதி அமிலத்தன்மையுள்ள கரைசலில்தான் நன்றாக இயங்கிச் சுக்ரோஸைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிளக்கும். சுண்ணாம்பின் காரம் அந்த நொதியையும் ஈஸ்ட்டின் பெருக்கத்தையும் ஒருசேர அடக்கிவிடுகிறது. மைக்கேலிஸும் மெண்டனும் 1913இல் நொதி வினையின் வேகத்தைக் கணிக்கும் தங்கள் சமன்பாட்டை நிறுவியதும் இதே நொதியையும் இதே சர்க்கரையையும் கொண்டுதான். ஆனால் அச்சமன்பாடு தருவது ஒரு கணத்தின் வேகத்தை மட்டுமே. நேரம் செல்லச் செல்லச் சுக்ரோஸ் எவ்வளவு மிஞ்சும் என்று அறிய அதைத் தொகையிட வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 100 மில்லிலிட்டரில் 12 கிராம் சுக்ரோஸ் உள்ள கரைசலின் செறிவு ஏறக்குறைய 350 மில்லிமோலார் (லிட்டருக்கு 350 மில்லிமோல்). வினை உச்ச வேகத்தில் பாதியை எட்டும் செறிவான மைக்கேலிஸ் மாறிலி 25 மில்லிமோலார் என்றும் உச்ச வேகம் நிமிடத்திற்கு 5 மில்லிமோலார் என்றும் கொள்வோம்.

வேகம் எப்போதும் செறிவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும் எனக் கொள்ளும் அடுக்குக்குறிச் சிதைவுச் சூத்திரம் எளிது. ஆனால் இங்கே பொருந்தாது. அது அரைவாழ்வை மூன்றரை நிமிடம் என்கிறது. உண்மையில் செறிவு பாதியாக 38 நிமிடத்திற்கு மேலாகும். செறிவு மாறிலியைவிட மிகவும் தாழ்ந்திருக்கும்போது மட்டுமே அதை நம்பலாம்.

நேரத்தைச் சிறு படிகளாக்கி, ஒவ்வொரு படியிலும் வேகம் மாறாது எனக் கொண்டு கணக்கிடும் எண்முறையான ஆய்லர் முறையை எந்த அட்டவணைச் செயலியிலும் செய்துவிடலாம். பத்து நிமிடப் படியில் கணக்கிட்டால் 90ஆம் நிமிடத்தில் செறிவு சுழியத்திற்குக் கீழே ஏறத்தாழ 4 என்று வரும். சரியான விடையோ 5.2. மாறிலியை உச்ச வேகத்தால் வகுத்தால் கிடைக்கும் ஐந்து நிமிடத்தைப் படி தாண்டாதவரை இந்த அபத்தம் நேராது, துல்லியம் வேண்டுமானால் படியை இன்னும் குறுக்க வேண்டும் அல்லது ஒவ்வொரு படியிலும் வேகத்தை நான்கு முறை மதிப்பிடும் நான்காம் வரிசை ரூங்கே–குட்டா முறைக்கு மாற வேண்டும்.

லாம்பெர்ட் சார்பின் (ஓர் எண்ணை அதன் அடுக்குக்குறியால் பெருக்கிய விடையிலிருந்து அந்த எண்ணை மீட்டுத் தரும் சார்பு) வழியே 1997இல் ஷ்னெலும் மெண்டோசாவும் தந்த தீர்வு, எந்த நேரத்தின் செறிவையும் படிப்படியாக நடக்காமல் நேரே தருகிறது. சோதனைத் தரவுக்கு வளைவரை பொருத்துவோருக்கு இது பெரிய வசதி. தொடக்கச் செறிவு மாறிலியைப் போல் எழுநூறு மடங்குக்கு மேல் போனால் கணினியில் அடுக்குக்குறி எண் கொள்ளளவை மீறிவிடும். நம் எடுத்துக்காட்டில் அது 14 மடங்குதான்.

இருந்தும் என் தேர்வு, பலரும் மறந்துவிட்ட தலைகீழ் வழி. செறிவு எவ்வளவு குறைந்தது என்பதோடு, தொடக்க, மீதிச் செறிவுகளின் விகிதத்தின் இயல் மடக்கையை மாறிலியால் பெருக்கிக் கூட்டி, உச்ச வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைத்துவிடும். கல்லூரி மாணவரின் கணிப்பானே இதற்குப் போதும்.

மிகுதியான சுக்ரோஸ் தன் நொதியையே தடுக்கும் விளைவைச் சேர்த்துவிட்டால் லாம்பெர்ட் தீர்வு கைகொடுக்காது. தலைகீழ் வழியும் எண்முறையும் நிற்கும். சுண்ணாம்பில்லாக் கலயத்திலோ ஈஸ்ட் பெருகப் பெருக உச்ச வேகமே மாறிக்கொண்டிருக்கும் என்பதால், அங்கே பெரும்பாலும் எண்முறையே வழி.