சின்னவனின் உயரம், ஆயாவின் முழங்கால்: எந்த ஊர் தீம் பார்க்குக்குப் போவது?

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுச் சமையலறை வாசற்காலில் பென்சில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகின்றன. சின்னவனைச் சுவரோடு ஒட்டி நிற்கவைத்து, குதிகாலைத் தூக்காதபடி பெரியவளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, தலைமேல் பள்ளிக்கூட ஸ்கேலைப் படுக்கையாக வைத்துப் போட்ட கோடுகள் அவை. சென்ற பொங்கலன்று 104 செ.மீ. இருந்தவன், இந்தக் கார்த்திகையில் 109 செ.மீ. தொட்டிருக்கிறான். நான்கு ஆண்டுகளாகக் கட்டிவந்த சீட்டு கைக்கு வந்து, குடும்பத்தோடு ஒரே ஒரு முறை வெளிநாட்டுத் தீம் பார்க் ஒன்றைப் பார்த்துவிடலாம் என்று முடிவானபோது, நான் முதலில் பார்த்தது விமானக் கட்டணத்தை அல்ல, இந்தக் கோட்டைத்தான்.

காரணம் இருக்கிறது. நாங்கள் ஐந்து பேர்: துறைமுகத்தில் வேலை பார்க்கும் என் கணவர், நான், பதின்மூன்று வயதுப் பெரியவள், ஆறு வயதுச் சின்னவன், அறுபத்தேழு வயதான என் அத்தை. பிள்ளைகளுக்கு அவர் ஆயா. தீவுத்திடல் பொருட்காட்சிக்குப் போகும்போதெல்லாம், "எனக்கு ராட்டினமெல்லாம் வாணாம்மா, பசங்க ஏறுறதப் பாத்தா போதும்" என்று சொல்லி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கீழே காத்திருப்பவர். சென்ற மாதம் அவரை வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு அழைத்துச் சென்றோம். ஒரு நாள் முழுவதும் அவரால் எவ்வளவு நடக்க முடிகிறது என்று பார்ப்பதே என் நோக்கம். முக்கால் மணி நேரம் நன்றாக நடந்தார். அதன்பின் ஒவ்வொரு பெஞ்சிலும் உட்கார்ந்தார். பிற்பகலில் பேட்டரி வண்டி இல்லாவிட்டால் திரும்பியிருக்க முடியாது. சின்னவன் ஆண்டுக்கு ஐந்தாறு செ.மீ. வளருவான், அத்தையின் முழங்கால் ஆண்டுக்கு ஆண்டு தளரும். சின்னவன் ஏறுவதற்குப் போதிய உயரமும் ஆயா உடன் நடப்பதற்குப் போதிய தெம்பும் ஒரே சமயத்தில் கிடைக்கும் ஆண்டு இதுதான் என்பது என் கணக்கு. எந்த ஊர் என்பதையும் அந்தக் கணக்கை வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவின் ஆர்லாண்டோவை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். 1971 அக்டோபரில் திறந்த வால்ட் டிஸ்னி வேர்ல்டில் மட்டும் நான்கு பெரிய பூங்காக்கள் இருக்கின்றன. 2025 மே மாதத்தில் யுனிவர்சலின் எபிக் யுனிவர்ஸும் அந்த ஊரில் சேர்ந்துகொண்டது. ஆனால் விசா நேர்காணலும் ஒரு நாளைத் தின்னும் விமானப் பயணமும் அத்தைக்கும் எங்கள் சீட்டுப் பணத்துக்கும் தாங்காது. பாரிஸும் அதே காரணத்தால் போயிற்று. எஞ்சியவை சிங்கப்பூர், அமீரகம், டோக்கியோ, ஹாங்காங்.

சிங்கப்பூரைப் பற்றி எங்கள் தெருவில் கேட்டால், "அங்க தமிழ் இருக்கு, சாப்பாடு இருக்கு, யோசிக்கவே வேணாம்" என்பார்கள். அதில் உண்மை நிறைய இருக்கிறது. நான்கேகால் மணி நேரத்தில் போய் இறங்கிவிடலாம். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளுள் ஒன்று. சிராங்கூன் சாலையில் இட்லிக்கும் மீன் குழம்புக்கும் குறைவில்லை. வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் அத்தைக்கு நம் ஊர் போலவே இருக்கும். விசாவுக்கு அங்கீகரிக்கப்பட்ட முகவர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர். செந்தோசாத் தீவில் 2010-இல் திறந்த யுனிவர்சல் ஸ்டுடியோஸ் ஏறத்தாழ 20 ஹெக்டேர்தான். ஒரே நாளில் நடந்து முடித்துவிடக்கூடிய அளவு என்பது அத்தைக்கு நல்லது. 2025 பிப்ரவரியில் மினியன் லேண்ட் திறந்திருக்கிறது; அதே ஆண்டு ஜூலையில் திறந்த ஓஷனேரியம் என்ற கடல்வாழ் உயிரினக் காட்சியகமும் பக்கத்திலேயே இருக்கிறது.

ஆனால் வாசற்கால் கோட்டுக்கு வந்தால் நிலைமை வேறு. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சவாரிக்கு 102 செ.மீ. போதும், ஜுராசிக் பார்க் படகுக்கு 107 போதும். சின்னவன் இரண்டிலும் ஏறிவிடுவான். மம்மி ரோலர் கோஸ்டருக்கு 122, பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவுக்கு 125 வேண்டும். அந்தப் பூங்காவின் பேர்போன சவாரிகளே அவைதான். அக்கா உள்ளே போய் ஏறிக்கொண்டிருக்க, உயரம் அளக்கும் கம்பத்தடியில் தம்பி அழுதுகொண்டு நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது. அவன் அந்த உயரத்தைத் தொட இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். சிங்கப்பூர் எங்கும் போய்விடாது. அருகில் இருப்பதால், பெரியவள் கல்லூரிக்குப் போகும் காலத்தில்கூட அவர்கள் இருவரும் சேர்ந்து போய்வர முடிகிற ஊர் அது. மேலும், இடி மின்னல் வந்தால் திறந்தவெளிச் சவாரிகளை அங்கே நிறுத்திவைப்பார்கள். மழை ஆண்டு முழுவதும் பெய்யும் ஊரில் ஒரே ஒரு பூங்கா நாளை மட்டும் நம்பியிருப்பது எனக்குத் தயக்கம் தருகிறது.

அமீரகத்தை விரைவாகவே கடந்துவிட்டேன். அபுதாபியின் யாஸ் தீவில் 2010-இல் திறந்த ஃபெராரி வேர்ல்டும் 2018-இல் திறந்த வார்னர் பிரதர்ஸ் வேர்ல்டும் பெரும்பாலும் கூரைக்குள் இருப்பதால் வெயிலுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஃபார்முலா ரோசா ரோலர் கோஸ்டர் மணிக்கு 240 கி.மீ. வேகத்தில் பாயும், பெரியவளுக்கு அதன்மேல் ஒரு கண். ஆனால் நம் பிள்ளைகளின் விடுமுறை மே மாதம். பூங்காவைவிட்டு வெளியே காலை வைத்தால் 40 டிகிரி. இன்னொன்று, நம்மவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது. அத்தையின் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான். குடும்பப் பெயர்க் கட்டம் காலி. இனிஷியலோடு வாழ்ந்து பழகிய நம் வீடுகளில் இப்படிப்பட்ட பாஸ்போர்ட்டுகள் ஏராளம். ஒற்றைப் பெயருள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்ற விளக்கம் பிறகு வந்தது. எனினும் விமான நிலையக் கவுன்டரில் அத்தையை நிறுத்திவைத்து அந்த விளக்கத்தைப் பேசும் நிலைக்கு அவரை ஆளாக்க எனக்கு மனமில்லை.

டோக்கியோவை ஒதுக்குவதற்குத்தான் மிகவும் வருத்தப்பட்டேன். 1983 ஏப்ரலில் திறந்த டோக்கியோ டிஸ்னிலேண்ட், அமெரிக்காவுக்கு வெளியே எழுந்த முதல் டிஸ்னி பூங்கா; அதன் அருகிலேயே கடலை மையமாக வைத்து 2001 செப்டம்பரில் டிஸ்னிசீ திறந்தது; 2024 ஜூனில் அதில் ஃபேன்டஸி ஸ்பிரிங்ஸ் என்ற புதிய பகுதியும் சேர்ந்தது. படிக்கப் படிக்க, வாழ்நாளில் ஒரே பூங்கா என்றால் டிஸ்னிசீயைத்தான் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வலுத்தது. எரிமலை ஒன்றைக் கட்டி, அதனடியில் துறைமுகம் அமைத்து, நீராவிக் கப்பலும் கொண்டலாப் படகும் விட்டிருக்கிறார்கள்; துறைமுகத்தில் வேலை பார்ப்பவரின் குடும்பத்துக்கு அதைவிடப் பொருத்தமான இடம் ஏது? டோக்கியோ நிலையத்திலிருந்து ரயிலில் கால் மணி நேரத்தில் மைஹாமாவில் இறங்கிவிடலாம். இந்தியக் குடும்பங்கள் நிறைய வாழும் நிஷிகசாய் அங்கிருந்து தொலைவில் இல்லை. ஆகவே சாப்பாட்டுக்கும் பெரிய சிரமம் வராது. நுழைவுக் கட்டணம் நாளுக்கு நாள் மாறும். பெரியவர்களுக்கு 7,900 யென் முதல் 10,900 யென் வரை என்று 2023 அக்டோபரில் நிர்ணயித்தார்கள்.

ஆயினும் டிஸ்னிசீயின் எரிமலைச் சவாரிக்கும் இந்தியானா ஜோன்ஸ் சவாரிக்கும் 117 செ.மீ. வேண்டும். சின்னவனுக்கு அது அடுத்த ஆண்டுக்கும் அப்பால். அத்தைக்கோ, வழியில் விமானம் மாறிப் பத்து மணி நேரத்துக்கு மேல் பயணம், மூன்றரை மணி நேர வேறுபாடு, இரண்டு பெரிய பூங்காக்களின் நடை. சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும் என்றாலும், நாள் முழுவதும் அதில் உட்கார்ந்து கூட்டத்தைப் பார்ப்பது அவர் ஆசைப்பட்ட பயணம் ஆகாது. பிள்ளைகள் இருவரும் வளர்ந்த, பெரியவர்கள் யாரும் உடன் வராத குடும்பம் என்னைக் கேட்டால், கடன் வாங்காமல் முடியும் பட்சத்தில் டோக்கியோவுக்கே போங்கள் என்பேன்.

ஹாங்காங் டிஸ்னிலேண்ட், டிஸ்னி பூங்காக்களில் சிறியது என்று பலர் குறையாகச் சொல்வார்கள். 2005 செப்டம்பரில் லன்டாவ் தீவில் திறந்த இந்தப் பூங்காவின் அந்தச் சிறிய அளவே எங்களுக்கு வேண்டியது. விமான நிலையமும் அதே தீவில் இருப்பதால் இறங்கிய களைப்போடு நகரம் முழுவதும் அலைய வேண்டியதில்லை. சன்னி பே நிலையத்தில் மாறினால் மிக்கி காது வடிவச் சன்னல் வைத்த ரயில் பூங்கா வாசலில் கொண்டுபோய் விடும். சென்னையிலிருந்து நேரடி விமானத்தில் ஐந்தரை மணி நேரத்தையொட்டிய பயணம்தான்.

இங்கே உயரக் கணக்கைப் பாருங்கள். ஃப்ரோசன் பகுதியின் சறுக்கு வண்டிக்கு 95 செ.மீ.; அயர்ன் மேனுக்கும் ஹைப்பர்ஸ்பேஸ் மவுன்டனுக்கும் 102; பிக் கிரிஸ்லி என்ற சுரங்க ரோலர் கோஸ்டருக்கு 112. ஆர்சி ரேசர் ஒன்றுதான் 120 கேட்கிறது. இப்போது 109 இருக்கும் சின்னவன் மே மாதத்துக்குள் 112-ஐத் தொட வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. தொடாவிட்டாலும் அவனுக்குக் கைநழுவுபவை இரண்டு மட்டுமே. பிக் கிரிஸ்லியில் பாதி வழியில் வண்டி பின்னோக்கி ஓடும் என்பதைப் பெரியவள் இப்போதே அவனிடம் சொல்லிவைத்திருக்கிறாள்.

அத்தைக்கும் இங்கே கீழே காத்திருக்கும் வேலை இல்லை. பூங்காவைச் சுற்றிவரும் ரயில், காட்டாற்றுப் படகு, பல நாட்டுப் பொம்மைகள் பாடும் நீர்வழிப் படகு, லயன் கிங் மேடை நிகழ்ச்சி ஆகியவற்றில் எதற்கும் உயர வரம்போ முழங்காலுக்கு அதிர்ச்சியோ கிடையாது. மிஸ்டிக் மேனர் என்ற சவாரியில் தண்டவாளமே இல்லாத வண்டி ஒரு மாளிகைக்குள் அறை அறையாக நகர்ந்து செல்லும். 2013-இல் இந்தப் பூங்காவுக்கென்றே கட்டியது. ஐந்து பேரும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கக்கூடிய சவாரிகள் எத்தனை என்று நான்கு ஊர்களுக்கும் தாளில் எழுதிப் பார்த்தேன். ஹாங்காங்கின் பத்திதான் நீண்டது. 2023 நவம்பரில் திறந்த வேர்ல்ட் ஆஃப் ஃப்ரோசன், அந்தக் கதைக்கென்றே உலகில் முதலில் அமைந்த பகுதி. அறுபத்தைந்து வயது கடந்தவர்களுக்கு நுழைவுக் கட்டணம் வெகு குறைவு என்பது கூடுதல் நன்மை. ஓய்வு நாளில் அதே தீவில் கேபிள் காரில் ஏறிப் பெரிய புத்தர் சிலையைப் பார்க்கலாம். 268 படிகளையும் ஏறாமல் கீழிருந்தே கும்பிட்டுக்கொள்வதாக அத்தை இப்போதே சொல்லிவிட்டார்.

சாப்பாட்டில் சிங்கப்பூருக்கு ஹாங்காங் ஈடாகாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பூங்காவுக்குள் ஹலால் சான்றுள்ள உணவகம் இருக்கிறது. நகரத்துக்குள் போனால் சிம் ஷா சூயில் சுங்கிங் மேன்ஷன்ஸ் கட்டடத்தில் இந்தியக் கடைகள் உண்டு. மற்றபடி புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் பெட்டியில் வரும்.

விசா தொடர்பான வேலையும் ஹாங்காங்குக்கு எளிது. பதினான்கு நாட்களுக்கு உட்பட்ட பயணத்துக்கு இந்தியர்களுக்கு விசா வேண்டாம்; இணையத்தில் முன்பதிவு மட்டும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே செய்ய வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. கிடைத்த தாளை அச்சிட்டுக் கையில் வைத்துக்கொண்டால் ஆறு மாதம் செல்லும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து நிரப்ப வேண்டும். பதிவு மறுக்கப்பட்டால் முறையான விசாவுக்குத்தான் போக வேண்டும் என்பதால், விமானச் சீட்டுக்குப் பணம் கட்டும் முன்பே இதை முடிக்கப் போகிறேன். கட்டண இணையதளங்கள் சில இதே பதிவுக்குப் பணம் கேட்கின்றன. ஹாங்காங் அரசின் தளத்திலேயே செய்துகொள்ளுங்கள்.

நாட்களைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். மே முதல் வாரத்தில் சீனாவில் தொழிலாளர் தின விடுமுறை, ஜப்பானில் கோல்டன் வீக் என்ற தொடர் விடுமுறை. ஹாங்காங், டோக்கியோ இரண்டிலும் கூட்டம் நெரியும். சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை மே இறுதிக்குப் பின் தொடங்கும். ஆகவே எந்த ஊருக்குப் போனாலும் மே 10-லிருந்து 22-க்குள் வரும் வேலை நாட்களே நமக்கு உகந்தவை. புத்தர் பிறந்தநாள் விடுமுறையை மட்டும் நாட்காட்டியில் பார்த்துத் தவிர்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, பேக்கேஜில் போவதா, நாமே ஏற்பாடு செய்வதா என்ற கேள்வி. எங்கள் பகுதிப் பயண முகவர் ஒருவர் தந்த திட்டத்தில் "முழு நாள் டிஸ்னி" என்று இருந்தது. விசாரித்தபோது, காலை பத்தரைக்கு வேன் வரும், மாலை ஆறு மணிக்கு விடுதிக்குத் திரும்ப வேண்டும் என்றார்கள். கோட்டையின்மேல் ஒளியும் வாணவேடிக்கையுமாக இரவில் நடக்கும் காட்சியைப் பார்க்காமல் திரும்புவதை முழு நாள் என்று எப்படிச் சொன்னார்களோ, எனக்கு இன்னும் ஆறவில்லை. அதன்மேல் பேக்கேஜ் தொகையோடு, முகவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் டி.சி.எஸ். வரியையும் பிடிப்பார்கள், வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம் என்றாலும், முன்கூட்டிக் கையிலிருந்து போகும் பணம் அது. நாங்களே பூங்காவுக்கு இரண்டு நாள் சீட்டு எடுத்து, முதல் நாள் பிற்பகலில் அத்தையை விடுதியில் மூன்று மணி நேரம் தூங்கவிட்டு, இருட்டியதும் மீண்டும் உள்ளே அழைத்துவருவதாக முடிவு செய்திருக்கிறோம்.

விமான நிலையத்துக்குத் தண்டையார்பேட்டை மெட்ரோவில் ஏறினால் வண்டி மாறாமல் போய்விடலாம். அதற்குமுன் சின்னவனின் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டும். கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்தது, ஐந்து ஆண்டுகள் முடிந்துவிட்டன. அடுத்த கோட்டைத் தைப் பொங்கலன்று போடுவோம்.