மித்தாலியின் மட்டையா, ஜூலனின் பந்தா?

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரை ஈர மணலில் குதிகால் புதைய ஓடிவந்து டென்னிஸ் பந்து வீசுகிறாள் என் அக்கா மகள். கிரிக்கெட்டில் மட்டையா, பந்தா, எதைப் பிடித்துக்கொள்வது என்று கேட்கிறாள்.

மட்டை என்றால் இந்திய மகளிர் அணிக்கு ஆடிய மித்தாலி ராஜ். தமிழ்க் குடும்பத்துப் பெண். 1999-இல், 16 வயதில், முதல் ஒருநாள் போட்டியிலேயே அவுட்டாகாமல் 114 ரன். ஒருநாள் போட்டிகளில் மொத்தம் 7,805 ரன். ஆனால் மட்டை, கால் காப்பு, கையுறை என்று செலவு நீளும்.

பந்து என்றால் ஜூலன் கோஸ்வாமி. மேற்கு வங்கத்தின் சக்தஹாவிலிருந்து விடியற்காலை ரயில் பிடித்துக் கொல்கத்தா போய்ப் பயின்றவர். 2002 முதல் 2022 வரை இந்திய அணிக்கு வேகப்பந்து. ஒருநாள் போட்டிகளில் 255 விக்கெட். முதுகும் தோளும் தேயும் வேலைதான். சரி, தேயட்டும். கடலூரிலிருந்து புதுச்சேரி துத்திப்பட்டு கிரிக்கெட் மைதானம் அந்த ரயில் தூரத்தைவிடக் கிட்டத்தில்தான் இருக்கிறது. பந்தையே பிடி என்று சொல்லிவிட்டேன்.