மெரினோ என்று சொல்லி அக்ரிலிக் விற்றார்கள்: ஸ்வெட்டர் நூல் வாங்குவோர் கவனத்துக்கு

குன்னூரில் இருக்கும் பேத்திக்கு மார்கழிக் குளிருக்குள் ஒரு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்துவிட வேண்டும் என்று, ஐப்பசியில் கோபியிலிருந்து பஸ் ஏறிக் கோவை டவுன்ஹால் பக்கம் ஒரு கடையில் நூலும் ஊசியும் வாங்கினேன். "சுத்தமான மெரினோங்க அக்கா, குழந்தைக்கு மெத்துனு இருக்கும்" என்று கடைக்காரர் சொன்னார்; நூல் உருண்டையைச் சுற்றியிருந்த காகிதப் பட்டையிலும் மெரினோ என்றே ஸ்டிக்கர் இருந்தது. மெரினோ என்பது ஒருவகைச் செம்மறி ஆட்டின் மெல்லிய கம்பளி. 100 கிராம் உருண்டை 450 ரூபாய். நான்கு வாங்கி 1,800 ரூபாயைக் கூகுள் பேயில் செலுத்தினேன். பில் கேட்டதற்கு, கடையின் பெயரோ ஜிஎஸ்டி எண்ணோ இல்லாத எஸ்டிமேட் சீட்டு ஒன்றை எழுதிக் கொடுத்தார்கள். அதை அப்போதே மறுத்திருக்க வேண்டும்.

முதலில் தெரியவந்தது ஊசியின் கோளாறு. நான் வைத்திருந்தது அமெரிக்க முறையில் எழுதப்பட்ட பின்னல் குறிப்பு. அதில் 8-ஆம் நம்பர் ஊசி என்று இருந்தது. குறிப்பைக் காட்டியே கேட்டேன். "எட்டுன்னா எட்டுதானுங்க" என்று எடுத்துக் கொடுத்தார்கள். ஆனால் நம் ஊரில் பழைய வழக்கப்படி விற்கும் ஊசிகளுக்குப் பிரிட்டிஷ் எண்தான். அதில் 8 என்றால் 4 மில்லிமீட்டர், அமெரிக்க எண்ணில் 8 என்றால் 5 மில்லிமீட்டர். போதாததற்கு, பிரிட்டிஷ் முறையில் எண் கூடக்கூட ஊசி மெலியும், அமெரிக்க முறையில் எண் கூடக்கூட ஊசி தடிக்கும். 54 கண்ணி போட்டால் 30 சென்டிமீட்டர் அகலம் வரவேண்டிய முதுகுப்பக்கம் எனக்கு 25 சென்டிமீட்டர்கூட வரவில்லை. பிரித்துவிட்டு மில்லிமீட்டர் அளவு அச்சிட்ட ஊசி வாங்கி மறுபடி தொடங்கினேன். பத்து சென்டிமீட்டர் சதுரம் ஒன்றைப் பின்னி அளந்து பார்க்காமல் தொடங்கியது என் அவசரம்.

கைகளைப் பின்னும்போது நிறம் மாறியது. கடையின் டியூப் லைட்டில் ஒன்றுபோலத் தெரிந்த நான்கு உருண்டைகளில் ஒன்று மட்டும் வாசல் வெயிலில் வெளிறித் தெரிந்தது. பட்டையில் நிற எண்ணுக்கு அருகே சாயத் தொகுதி எண் என்று இன்னொரு எண் இருக்கும். ஒரே தொட்டியில் சாயமேற்றிய நூலுக்குத்தான் அந்த எண் ஒன்றாக இருக்கும். எனக்குக் கொடுத்த நான்கில் ஒன்றின் எண் வேறு.

உண்மை வெளிப்பட்டது இஸ்திரிப் பெட்டியில்தான். பின்னி முடித்த துண்டுகளை விரித்து, கம்பளிக்குச் செய்வது போல ஈரத்துணி போட்டு ஆவி பிடித்தேன். துணியை எடுத்தபோது, புசுபுசுவென்று இருந்த பின்னல் தொய்ந்து பளபளவென்று கிடந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் முப்பது வருடம் நூலோடு இருந்த என் வீட்டுக்காரர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, மீதமிருந்த நூலில் ஒரு விரல்நீளம் நறுக்கி இடுக்கியில் பிடித்து, கீழே ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, அடுப்பு நெருப்பில் காட்டினார். கம்பளியாக இருந்தால் மெதுவாகக் கருகி, நெருப்பை விலக்கியதும் தானே அணையும். ஆட்டுத்தலை வாட்டும்போது வருமே, அந்த முடி கருகும் வாடை வரும். சாம்பல் விரலில் பொடியாகும். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாடை. இதுவோ சுருங்கி உருகி, சொட்டி, நுனியில் மிளகு போல ஒரு கறுப்பு மணியாக இறுகியது. நகத்தால் அழுத்தியும் உடையவில்லை. பிறகு பட்டையை ஈரப்படுத்தி ஸ்டிக்கரை உரித்தோம். அடியில் "100% அக்ரிலிக்" என்று அச்சிட்டிருந்தது; அதாவது, ஆலையில் செய்த செயற்கை இழை.

பிரிக்காத ஓர் உருண்டையைத் தராசில் வைத்தால் 86 கிராம். கம்பளி காற்றின் ஈரத்தை வாங்கும், அதனால் எடை கூடும், குறையும் என்று சமாதானம் சொல்லலாம். அக்ரிலிக் ஈரத்தை ஏறக்குறைய வாங்குவதே இல்லை என்பதால் அந்தச் சமாதானத்துக்கும் இடமில்லை.

அக்ரிலிக் கெட்ட நூல் என்று நான் சொல்லவில்லை. விலை குறைவு, துவைக்க எளிது, நானே பலமுறை பின்னியிருக்கிறேன். ஆனால் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும் நூலை, கணப்பு மூட்டும் வீட்டுக் குழந்தைக்குக் கம்பளி என்று விற்றதை என்னால் பொறுக்க முடியவில்லை. திரும்பக் கொண்டுபோனபோது, "உல்லன் கேட்டீங்க, உல்லன்தானுங்க கொடுத்தோம்" என்றார்கள். அந்தச் சொல்தான் அவர்களுக்கு வசதி. திருப்பூரில் 40-ஆம் நம்பர் பருத்தி நூல் என்றால் ஒரு பவுண்டு எடையில் 840 கெஜ நீளச் சிட்டம், அதாவது நூல் கட்டு, நாற்பது இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் குழப்பமில்லை; ஸ்வெட்டர் நூலிலோ, ஆட்டு மயிரானாலும் ஆலையில் செய்த இழையானாலும் நாம் எல்லாவற்றையும் உல்லன் என்றே கேட்டு வாங்குகிறோம். ஆகவே கடையில் உல்லன் என்று கேட்காதீர்கள். இது என்ன இழை, எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். ஸ்டிக்கரை நம்பாமல் பட்டையில் அச்சிட்டதைப் படியுங்கள். தயாரிப்பாளர் பெயர், நிகர எடை, அதிகபட்ச விலை ஆகியவை அச்சில் இல்லாத உருண்டையை வாங்கவே வேண்டாம்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். உரித்த ஸ்டிக்கர், பட்டை, எஸ்டிமேட் சீட்டு, பணம் செலுத்திய விவரத்தின் நகல் எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். பணம் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு அந்த உறையோடு போவேன். பேத்திக்கு இப்போது பழைய ஸ்வெட்டரின் கையைத்தான் நீட்டிப் பின்னிக்கொண்டிருக்கிறேன்.