ரீல்ஸ் தள்ளுவதைக் குறைத்து 17 மாதம்: எது கைகொடுத்தது, எது காலை வாரியது

2024 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அம்மா கறிக்குழம்பை ஊற்றிவிட்டு எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். நான் "ம்" கொட்டியபடி ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருந்தேன். "ஏஞ்சாமி, இப்ப நான் என்ன சொன்னேன், சொல்லு பாக்கலாம்" என்றார். முழித்தேன். மூணாவது வீட்டு ஆயாவை முந்தின நாள் ராத்திரி ஆஸ்பத்திரியில் சேர்த்த சேதியைத்தான் சொல்லியிருக்கிறார். அதற்கும் "ம்" கொட்டியிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் முதல்முறையாக, போனில் எவ்வளவு நேரம் கழிக்கிறோம் என்று காட்டும் டிஜிட்டல் வெல்பீயிங் பக்கத்தைத் திறந்தேன். ஒரு நாளைக்குச் சராசரி 5 மணி 40 நிமிடம். ஈரோட்டில் ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுகிறவன் நான், பெருக்கிப் பார்க்காமல் இருக்க முடியுமா? வாரத்துக்கு 39 மணி 40 நிமிடம். சம்பளமில்லாத இன்னொரு வேலை.

முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான், ஆப் டைமர். இன்ஸ்டாகிராமுக்கு 30 நிமிடம், யூடியூபுக்கு 45. நேரம் முடிந்ததும் ஐகான் சாம்பல் நிறமாகும், தொட்டால் திறக்காது. நாலு நாள் ஒழுங்காகப் போனது. அஞ்சாம் நாள்தான் டைமரை நாமே போய் அழித்துவிடலாம் என்று கண்டுபிடித்தேன். அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. இந்த டைமர் நள்ளிரவு 12 மணிக்குப் புதுக்கணக்கு போடும். படுத்துக்கொண்டு 11:52, 11:55 என்று கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருந்திருக்கிறேன், டாஸ்மாக் ஷட்டர் தூக்கக் காத்திருப்பவர்களைப் போல. என் அனுபவத்தில் ஆப் டைமருக்குப் பத்துக்கு இரண்டு மார்க்.

அடுத்தது கருப்பு வெள்ளைத் திரை. இதற்கு ஆறு மார்க் தருவேன். வண்ணம் போனதும் ரீல்ஸ் பாதி செத்துவிடுகிறது, பிரியாணி வீடியோகூட சிமெண்டுக் கலவை மாதிரி தெரிகிறது. ஆனால் சித்தி மகள் கல்யாணத்துக்கு ஜவுளிக்கடையிலிருந்து அம்மா இரண்டு புடவைப் படம் அனுப்பி "எந்தக் கலரு நல்லாருக்கு?" என்று கேட்டார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. "ரெண்டுமே ஒண்ணுதானம்மா" என்று அனுப்பிவிட்டேன். ஒன்று மாம்பழ மஞ்சள், இன்னொன்று கத்திரிப்பூ நிறமாம். இப்போது ராத்திரி 9 மணிக்கு மேல் மட்டும் கருப்பு வெள்ளை.

நடுவில் வீரம் வந்து 4ஜி பட்டன் போன் ஒன்றும் வாங்கினேன். மூன்று நாள் தாங்கியது. சிம்மை மாற்றியதும் யூபிஐ நின்றுபோனது. டீக்கடையில் 15 ரூபாய்க்கு ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டியபோது கடைக்கார அண்ணன் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ஆபீஸ் வாடிக்கையாளர்கள் பில்லெல்லாம் வாட்ஸ்அப்பில்தான் அனுப்புகிறார்கள். போனை ஒழித்துவிட்டு வாழலாம் என்பது நம்மைப் போன்றவர்களுக்குச் சொன்ன யோசனை இல்லை.

உண்மையில் வேலை செய்தவை மூன்று. மூன்றுக்குமே மனவுறுதி அதிகம் தேவைப்படவில்லை. அது என்னிடம் இல்லை என்பதுதான் ஏற்கெனவே தெரிந்துவிட்டதே.

ஒன்று, யூடியூபில் வாட்ச் ஹிஸ்டரியை, அதாவது இதுவரை பார்த்த வீடியோக்களின் பட்டியலை, அழித்துவிட்டு அதை நிறுத்தியும் வைத்தது. 2023 ஆகஸ்டிலிருந்து, ஹிஸ்டரி இல்லாதவர்களுக்கு முகப்புப் பக்கத்தில் பரிந்துரை எதுவும் வருவதில்லை. திறந்தால் வெறிச்சோடிக் கிடக்கும், தேடும் பெட்டி மட்டும் இருக்கும். எதற்கு வந்தோம் என்று தெரிந்தால்தான் மேலே போகமுடியும். பாதி நேரம் எனக்கு அது தெரியாது, மூடிவிடுவேன். வீடியோவுக்குக் கீழே வரும் பரிந்துரைகள் மட்டும் போகவில்லை, அங்கே இன்னமும் வழுக்குகிறேன்.

இரண்டு, இன்ஸ்டாகிராம் ஆப்பை எடுத்துவிட்டு பிரவுசரில் மட்டும் பார்ப்பது, அதுவும் ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு போட்டு. ஆப்பை எடுத்த அன்று அந்த இடத்துக்குக் கால்குலேட்டரை நகர்த்தி வைத்தேன். அடுத்த இரண்டு வாரம் லிஃப்டில், சிக்னலில், குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது என்று சும்மா சும்மா கால்குலேட்டர் திறந்துகொண்டே இருந்தது. நான் ஒன்றும் நினைக்கவேயில்லை, கட்டைவிரல் தானாகப் போய் அந்த இடத்தைத் தொடுகிறது. 'எனக்குப் பிடித்திருப்பதால் பார்க்கிறேன்' என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தது பொய் என்று அப்போதுதான் உறைத்தது.

மூன்று, போன் ராத்திரி ஹாலில் டிவி பக்கத்தில் சார்ஜ் ஏறும். எழுப்புவதற்கு 250 ரூபாய் அலாரம் கடிகாரம். இதற்கு முழு மார்க்.

கீழே தள்ளத் தள்ள முடிவே வராத அந்த அமைப்பை 2006இல் உருவாக்கியவர் அமெரிக்க வடிவமைப்பாளர் அசா ராஸ்கின். பிற்பாடு அவரே அதற்காக வருத்தப்பட்டார். வாரப்பத்திரிகைக்குக் கடைசிப் பக்கம் என்று ஒன்று உண்டு, அங்கே வந்தால் மடித்து வைத்துவிடுவோம். இதில் அது கிடையாது. 2020 ஜூனில் டிக்டாக்கைத் தடை செய்தபோது 'அப்பாடா' என்றவன் நான். அடுத்த மாதமே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்தது, செப்டம்பரில் யூடியூபில் ஷார்ட்ஸ். அப்பாடாவுக்கு ஆயுசு அவ்வளவுதான்.

சறுக்கல்களையும் சொல்லவேண்டும். போன நவம்பரில் காய்ச்சலில் படுத்த ஐந்து நாளில் ஆப் திரும்ப ஏறிவிட்டது. அதை எடுக்க ஒரு மாதம் ஆனது. இந்த மே 7ஆம் தேதி ஆபரேஷன் சிந்தூர் செய்தி வந்த வாரத்தில் தினமும் 4 மணி நேரத்தைத் தாண்டினேன். விடியற்காலை 3 மணிக்கு எழுந்து ஹாலுக்கே போய் நின்றபடி தள்ளிக்கொண்டிருந்தேன். பார்த்ததில் பாதி பழைய வீடியோ, மீதி வதந்தி.

இப்போது 2025 ஜூன் கடைசி. இந்த வாரச் சராசரி 1 மணி 55 நிமிடம், அதில் பெரும்பகுதி வாட்ஸ்அப்பும் மேப்பும். மிச்சமான நேரத்தில் சாதனை எதுவும் செய்துவிடவில்லை. சீக்கிரம் தூங்குகிறேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் பவானி ஆற்றில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று பார்க்கிறேன். முதல் இரண்டு மாதம் சும்மா இருப்பது சங்கடமாக, கை எங்கே வைப்பதென்று தெரியாத மாதிரி இருந்தது. அது ஒருநாள் போய்விட்டது. எப்போது என்று கவனிக்கவில்லை.

புதுப் பிரச்சினை ஒன்று வந்திருக்கிறது. தீபாவளிக்கு அம்மாவுக்கு நான்தான் புதுப் போன் வாங்கிக்கொடுத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்து ஆபீஸ் விஷயம் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஷார்ட்ஸில் யாரோ கோலம் போட்டுக்கொண்டிருக்க, அம்மா "ம்" கொட்டினார். "அம்மா, உங்க போன்லயும் அந்த ஹிஸ்டரிய நிறுத்திரட்டுங்களா?" என்றேன்.

"எனக்கெதுக்கு சாமி? நீ உன்ற வேலையப் பாரு."